சிவப்பு மாறாத சக்கரம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கொல்லயில் ஊரில் உள்ள அந்தப் பழைய மிஷன் சபையில் நூற்றிநாற்பது குடும்பங்கள் உண்டு. மாதம் தவறாமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காணிக்கைக் கவர் வீடு தேடி வந்துவிடும். கெட்டியான பழுப்புத் தாள், உள்ளங்கை அளவு, மேலே சபையின் பெயர், மூலையில் குடும்ப எண். ஞானையனின் எண் எண்பத்தேழு. இந்தப் பதினெட்டு வருஷத்தில் அந்த எண்பத்தேழாம் கவர் சபைக்குத் திரும்பிப் போனது மிஞ்சி மிஞ்சிப் போனால் பத்துத் தடவை இருக்கும். மீதியெல்லாம் எங்கே என்று கேட்டால் அவர் வீட்டு இரும்பு அலமாரியைத்தான் திறந்து பார்க்க வேண்டும். நடுத்தட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழைய காசு இருக்கும்.

மனுஷனைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு ஆராதனையை விடமாட்டார், பாட்டும் நன்றாகவே பாடுவார். பையிலிருந்து பணத்தை வெளியே எடுப்பதில்தான் கொஞ்சம் சங்கடம். அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நாளெல்லாம் அடுத்தவன் காசை வாங்கிப் போட்டுப் பழகிய கை, சொந்தக் காசு என்றால் மடங்கிக்கொள்ளும். நாணயம் சேர்க்கிறவர்கள் அதற்கென்றே வட்டமான பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைப்பார்கள், ஒன்று நாற்பது ரூபாய். அந்த விலையைக் கேட்டாலே ஞானையனுக்கு வயிறு எரியும். சபை சும்மா தருகிற கவர் இருக்கும்போது எந்த மடையன் கடையில் கொண்டுபோய் நாற்பது ரூபாயைக் கொட்டுவான்? "தெய்வம் அறிஞ்சு தாறதாக்கும்" என்பார். இதைக் கேட்டால் அவர் மனைவி ஜெயபாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சபையில் கவர் எண்களை வாசிக்கும்போது எண்பத்தாறுக்கு அடுத்து எண்பத்தெட்டு வருவது அவளுக்கு மாதாமாதம் ஒரு தலைகுனிவு.

அப்படிப்பட்டவரிடம்தான் கடலோரக் கோட்டுகாலிலிருந்து புஷ்பராஜ் தன் காசைக் கொண்டுவந்து கொடுத்தான்.

புஷ்பராஜ் கடலுக்குப் போகிறவன். அவன் பெண்டாட்டி மேரிக்குட்டி விடியற்காலை பஸ்ஸில் மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு ஏறுவாள். மற்ற கண்டக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விரட்டும்போது ஞானையன் மட்டும், "பின்னால கொண்டு வய்யி பிள்ளே" என்று இடம் காட்டுவார். அந்த வழியில் உண்டான பழக்கம். ஆனி மாதக் கடலில் புஷ்பராஜின் வள்ளம் கவிழ்ந்துபோயிற்று. ஆள் பிழைத்தான், வள்ளம் கரையேறியது, எஞ்சின் மட்டும் தண்ணீருக்குள் போனது போனதுதான். அன்றிலிருந்து சொந்த வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்தவன் வள்ளத்தில் கூலி ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். முன்பு தன்னோடு வந்தவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த கை, இப்போது கடைசி ஆளாக நின்று பங்கு வாங்கியது. அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, முகத்தில் தெரியும்.

ஓணம் கழிந்த வாரம், திருநாளுக்கு முன்னால் வர்ணம் பூசலாம் என்று வீட்டிலிருந்த பழைய மர அந்தோணியார் சுரூபத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறான். அடியில் ஒரு குழி, குழி நிறையத் தேன்மெழுகு. கிண்டி எடுத்தால் மெழுகுக்குள் ஏதோ வட்டமாக இருந்தது. மெழுகுக் கட்டியை அப்படியே துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஞானையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஞானையன் கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து, குச்சியால் நெம்பி, மெழுகை ஓடு ஓடாக உரித்தார். உள்ளே இருந்தது திருவிதாங்கூர்க் காசு. மகாராஜா காலத்தில் ஒரு சக்கரம் என்று வழங்கிய செம்புக் காசு, ஒரு பக்கம் சங்கு. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஒரு சக்கரம் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு நாலு கிடக்கும், குழந்தைகள் வைத்து விளையாடும். ஆனால் அதெல்லாம் கறுத்துக் கரியாகி, சங்கு எது, எழுத்து எது என்று தெரியாமல் தேய்ந்து போனவை. இது அப்படி இல்லை. கரண்ட் வயரை இப்போதுதான் உரித்தது போல செக்கச்செவேலென்று மின்னிற்று. அச்சடித்த அன்றைக்கே யாரோ மெழுகுக்குள் போட்டிருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் காற்றுப் படவில்லை, கை படவில்லை.

புஷ்பராஜ் ஆசையாகக் கையை நீட்டினான். ஞானையன் அவன் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி போட்டார்.

"தொடப்படாது! பாத்தா போரும்."

"எனக்க காசுதானே அண்ணே?"

"ஒனக்க காசுதான். அதுக்காச்சுட்டிதான் சொல்லுகேன்."

படம் எடுத்துத் திருவனந்தபுரத்தில் காசுக்கடை வைத்திருக்கும் கருணாகரனுக்கு அனுப்பினார். காசைப் பொதிந்து அலமாரியில் வைத்ததும் போன் வந்துவிட்டது.

"ஞானையா, ஒரு சக்கரம் எனக்க கடையில சாக்குக் கணக்குல கிடக்கு. நூறு ரூபாக்கு ஒண்ணு தாறேன், எத்தற வேணும்? ஆனா செம்புல இந்தச் சிவப்பு நான் முப்பது வருஷத்துல கண்டதில்ல, கேட்டியா. காசுக்கு விலை இல்ல, அந்தச் சிவப்புக்காக்கும் விலை. ஒரு விரல் பட்டாப் போச்சு. இன்னைக்குத் தெரியாது. ஒரு வாரம் கழிஞ்சு விரல் ரேகை கறுப்பாத் தெளிஞ்சு வரும், பின்னே ஏழு கடல் தண்ணியில கழுவினாலும் போவாது. துடைச்சா அதவிட நாசம். டப்பாவுல வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்" என்றார் ஞானையன்.

பொய். வெண்ணெய்த்தாளில் மடித்து மடித்துப் பொதிந்து, ஒரு எண்பத்தேழாம் கவருக்குள் போட்டு, மற்ற கவரைப் போல வாய் திறந்து கிடக்க வேண்டாம் என்று பசை தடவி ஒட்டி, வரிசையின் முன்னால் நிறுத்தியிருந்தார். அவ்வளவு பத்திரம் போதும் என்றுதான் நினைத்தார்.

கருணாகரன் சொன்ன விலைக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கலாம், பூட்டலாம், மிச்சத்தில் வலையும் தைக்கலாம். திங்கட்கிழமை நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைக் கேட்ட புஷ்பராஜ் ஞானையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்க வீட்டுல பிள்ளைகள் இருக்குதுவ, எடுத்து நோக்கிப்போடும். நீங்களே வச்சிருங்கண்ணே" என்றான். எழுத்து இல்லை, ரசீது இல்லை. ஞானையனுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. வாழ்க்கையில் அவரை நம்பி யாரும் அவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்ததில்லை.

திங்களுக்கு முந்தின ஞாயிறு சபையில், விளைச்சலை ஆண்டவருக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகை. ஞானையன் புஷ்பராஜையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் காசைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

அன்று காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஜெயபாய் பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தாள். காசுப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்புகிறவள் என்பதால் புஷ்பராஜின் காசைப் பற்றி அவளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. கவர் வரிசையில் முன்னால் நின்ற ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது. எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். உள்ளே மடித்த தாள் பருமனாகத் தட்டுப்பட்டது, கூடவே ஒரு காசு. எந்தச் சபைக்காரியும் என்ன நினைப்பாளோ அதைத்தான் அவளும் நினைத்தாள். பண்டிகைக் காணிக்கை என்றால் ஐந்நூற்றி ஒன்று, ஆயிரத்தி ஒன்று என்று ஒரு ரூபாய் கூட்டித்தானே வைப்பது வழக்கம்! இந்த மனுஷன் யாருக்கும் சொல்லாமல் நோட்டை மடித்து, ஒற்றை ரூபாயும் போட்டு, ஒட்டியும் வைத்துவிட்டாரே என்று அவளுக்குத் தாங்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு மனசை மாற்றிக்கொள்வார் என்று கேட்கவுமில்லை. கவரைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஞானையன் கோயிலில் ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் இருந்தார். அறுப்பின் பண்டிகை அன்று மட்டும் கவர்களை ஆராதனை முடிவதற்குள் பிரித்து, சிறப்புக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைப் போதகர் வாசிப்பார். "எண்பத்தாறு" என்று வாசித்தார். அடுத்து எண்பத்தெட்டு என்று சபையே எதிர்பார்த்தது.

"எண்பத்தேழு. நம்முடைய சகோதரர் ஞானையன். தாம் ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய நாணயங்களில் ஒன்றைத் தாளில் பொதிந்து ஆண்டவருக்குப் படைத்திருக்கிறார். பணம் கொடுப்பது எளிது, பிரியமானதைக் கொடுப்பது அரிது."

போதகர் காசைத் தூக்கிக் காட்டினார். ஜன்னல் வெயிலில் அது சிவப்பாக மின்னிற்று.

ஞானையனுக்கு முதலில் மனசில் ஓடியது, ஐயோ, எப்படிப் பிடித்திருக்கிறார், விளிம்பைப் பிடித்திருக்கிறாரா, முகத்தைப் பிடித்திருக்கிறாரா என்பதுதான். விளிம்பைத்தான், கடவுளே, விளிம்பைத்தான். அந்த நிமிஷமே எழுந்து, "அய்யா, அது எனக்குள்ளது இல்ல" என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தார். எழுந்ததைப் பார்த்துச் சபை கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். பெண்கள் பக்கம் திரும்பினால் ஜெயபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவருக்குள் நோட்டு இல்லை, காசுதான் என்று தெரிந்தும் அழுதாள். பணம் இருந்திருந்தால்கூட அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். பதினெட்டு வருஷத் தலைகுனிவு ஒரே நிமிஷத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. ஞானையன் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய்ப் போதகரின் அறையில் நின்றார்.

"அய்யா, அந்தக் காசு அறியாம வந்துபோச்சு. திருப்பித் தரணும்."

போதகர் சிரித்தார். கொடுத்த பிறகு மனசு பின்வாங்குகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"சகோதரரே, கொடுத்த பிறகுதான் சோதனை வரும். விட்டுக்கொடுக்காதீங்க."

"இல்லய்யா, அது வேற ஒருத்தனுக்க முதலாக்கும்!"

"நம்ம கையில இருக்கிறது எல்லாமே வேற ஒருத்தருடையதுதானே?" என்று போதகர் மேலே கையைக் காட்டினார். "வேணும்னா ஏலத்தில கேட்டு எடுங்க. படைச்ச பொருள் ஏலத்தில மட்டும்தான் திரும்பிப் போகும், அது சபையோட முறை. ஏலம் விடுற சஜு கொண்டுபோயிட்டானே."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். கேலி என்றால் சண்டையாவது போடலாம், அன்போடு என்ன செய்வது?

கோயில் முற்றத்தில் அயனி மரத்தடியில் ஏலம் தொடங்கியிருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தை ஏலம் வேறு, இது வேறு. இங்கே பொருளுக்கு விலை கிடையாது, ஆளுக்குத்தான் விலை. ஒருத்தன் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், சுற்றி நிற்கிறவர்கள் விடமாட்டார்கள், ஏற்றிக்கொண்டே போவார்கள். போன வருஷம் ஒரு மச்சானும் மைத்துனனும் முறைத்துக்கொண்டதில் ஒற்றைக் கோழிமுட்டை எண்ணூறு ரூபாய்க்குப் போயிற்று. எல்லாம் தேவனுடைய காரியம்தானே என்று எல்லோருக்கும் சந்தோஷம். போதாததற்கு ஞானையன் மேல் ஒரு பழைய கதையும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, மழை நாளில் கூட்டம் குறைவாக இருந்தபோது அதை அவரே நூற்றைம்பதுக்கு ஏலத்தில் எடுத்து, குழம்பு வைத்துத் தின்றார். அதைச் சபை மறக்கவில்லை.

ஏலம் விளிக்கிறவன் சஜு. ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் தொண்டைக்கு மைக் வேண்டாம். செவ்வாழைக் குலையும் மரச்சீனிக் கிழங்கும் போன பிறகு காசைக் கையில் எடுத்தான்.

"இன்னா வருது மகாராஜா காலத்துக் காசு! நம்ம ஞானையன் மாமா மனசறிஞ்சு தந்தது! சத்தத்தக் கேளுங்க!"

சொல்லிக்கொண்டே கோயில் கருங்கல் படியில் ஓங்கிப் போட்டான். ணங்கென்று துள்ளி, விளிம்பால் உருண்டு, மண்ணில் விழுந்தது. ஞானையனுக்குத் தன் தலையிலேயே விழுந்ததுபோல இருந்தது.

"எலே சஜு! போடாதடே! தொடாதடே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சஜு குனிந்து காசை எடுத்து, மண்ணைப் போக்க வேட்டியில் நன்றாக அழுத்தித் துடைத்தான். துடைத்துவிட்டு முன்வரிசைக்காரர் கையில் கொடுத்தான். "பாத்துட்டு அடுத்த ஆளுக்குக் குடுங்க. மாமாக்க காசாக்கும், தின்னுடாதீங்க."

காசு கை மாறிப் போயிற்று. வாழைக்குலை தூக்கிய கறைக் கை, சோற்றுப் பானை இறக்கிய கை, எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிவிட்டு வாங்கிய கை. ஒவ்வொருவரும் செய்தது ஒன்றுதான், வலது கை பெருவிரலைச் சங்கின் மேல் வைத்து ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார்கள். பழைய காசைக் கையில் வாங்கினால் வேறென்ன செய்வார்கள்? ஞானையன் ஒவ்வொரு விரலாக எண்ணினார். பதினொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"இது எனக்க வீட்டுல அஞ்செண்ணம் கிடக்குல்லா" என்றார் ஒருவர். "ஒரு சக்கரம்தானே. இதுக்கா மாமா கிடந்து துள்ளுகாரு?"

"அது கறுப்பு ஓய், இது சிவப்பு" என்றார் ஞானையன்.

"புளி போட்டுத் தேச்சா எதும் சிவப்புதான்" என்றார் அவர்.

இது வேறு, அது வேறு என்று விளக்க வேண்டுமானால் ஒரு நாள் வேண்டும். நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற காசும் எஞ்சின் வாங்கித் தருகிற காசும் ஒரே காசுதான், நடுவே இருப்பது ஒரு விரல் மட்டும்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லை.

"நூறு!" என்று கத்தினார். காசு மேலும் சுற்றாமல் இருந்தால் போதும்.

"எரநூறு" என்றார் ரெத்தினதாஸ். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து மாடிவீடு கட்டியவர். அந்தச் சேவலை அன்று ஏலத்தில் விட்டுவிட்டது இவர்தான்.

"முந்நூறு."

"ஆயிரம். சேவல் கடன் தீரட்டும்" என்றார் ரெத்தினதாஸ். ஜனம் கைதட்டியது.

"ஆயிரத்தி நூறு. தாசே, ஒனக்குப் புண்ணியமாப் போவும், விட்டுரு."

"புண்ணியத்துக்குத்தானே கேக்குதேன்! ரெண்டாயிரம்."

இப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "கண்டக்டரண்ணே!" என்று ஒரு குரல் கேட்டது. ஞானையன் திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்துகொண்டார். புஷ்பராஜ் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, கையில் வாழையிலையில் கட்டிய மீன் பொதியோடு நின்றான். வீட்டில் ஆள் இல்லை, ஏலச் சத்தம் கேட்ட திசையில் நடந்து வந்துவிட்டான்.

சரியாக அந்த நேரத்தில்தான் சுற்றி வந்த காசு அவன் பக்கத்தில் நின்றவரின் கைக்கு வந்தது. புது ஆள், மரியாதைக்கு அவனுக்கும் காட்ட வேண்டாமா? அவர் நீட்டினார்.

புஷ்பராஜின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அண்ணே, நம்ம காசு மாதிரியே ஒண்ணு!"

மீன் பொதியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மீன் பிடித்த அந்த ஈரக் கையை நீட்டினான்.

"எனக்கத நான் ஒரு நாளும் தொட்டதில்ல பாத்துக்கிடுங்க" என்று புஷ்பராஜ் பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தான். "அண்ணன் விடமாட்டாரு. இதையாவது ஒண்ணு தொட்டுப் பாக்கேன்."

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். சங்கைப் பெருவிரலால் மெல்லத் தடவினான், பெற்ற பிள்ளையின் கன்னத்தைத் தடவுவது போல. பிறகு ஞானையன் பக்கத்தில் வந்து காதோரம் குனிந்தான்.

"எதுக்கண்ணே இதுக்குப் போயி மல்லுக்கு நிக்கியோ? இது கொள்ளாம், ஆனா நம்மளுக்கது மாதிரி வராது. இதுல கீறல் கிடக்கு, ஓரம் சதஞ்சிருக்கு. நீங்கதானே எனக்குப் படிப்பிச்சுத் தந்தது? விட்டுருங்க."

ஞானையன் அவனைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு அது வேணும் மக்கா" என்று மட்டும் சொன்னார்.

அவர் முகத்தைப் பார்த்த புஷ்பராஜுக்கு மனசு பொறுக்கவில்லை. காசுப் பைத்தியம், ஆசைப்பட்டுவிட்டார், பாவம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் கோட்டுகால்காரன், உங்க சபை இல்ல. ஆனாலும் சொல்லுகேன். அண்ணன் நல்ல மனுஷனாக்கும். எனக்க ஜீவிதத்தையே பத்திரமா வச்சிருக்காரு. இத அவருக்கு விட்டுக் குடுங்க."

வேற்று ஊரான் வந்து கும்பிட்டதும் ரெத்தினதாஸ் இறங்கிவிட்டார். "சரி, சரி, மாமா கொண்டுபோகட்டும். மூவாயிரம் சொல்லிட்டு எடுத்துக்கிடும்."

"மூவாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று சஜு காசைத் திரும்ப வாங்கி ஞானையனின் கையில் வைத்து அழுத்தினான். ஜனம் மறுபடியும் கைதட்டியது. வாழ்நாளில் நாற்பது ரூபாய் டப்பா வாங்காதவர் மூவாயிரம் கொடுத்து ஒரு சக்கரம் வாங்கினார் என்று அந்த வருஷம் முழுக்க ஊரில் சிரித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெயபாய் முன்னால் விறுவிறுவென்று போனாள். வாசலில்தான் வாயைத் திறந்தாள். "குடுத்தது ஒரு மணிக்கூறு அங்க இருக்கப் பொறுக்கல்ல இல்லியா? நான்தான் கோயில்ல வச்சு அழுதேன், மடச்சி." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். ஒட்டியிருந்த கவரை எடுத்துப் போனது தான்தான் என்றாலும், அது தப்பாகப் போயிருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்குத் துளியும் இல்லை. ஞானையன் அவளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் நெஞ்சு வெடித்துப்போகும். சொல்லாவிட்டால் இவர் நெஞ்சு வெடிக்கும்.

அறைக்குள் போய் லென்ஸை எடுத்து ஒரு தடவை பார்த்தார். ஒரு தடவை போதும். சங்கின் மேல் வேட்டித் துணி இழுத்த கோடு கோடாக மயிரிழைக் கீறல். விளிம்பில் கருங்கல் பட்ட இடம் நசுங்கியிருந்தது. சிவப்பின் மேல் மங்கல் மங்கலாக ரேகைகள், ஒன்றின் மேல் ஒன்று, யாருடையது எதுவென்று பிரிக்க முடியாதபடி. நாளைக்குக் கருணாகரன் வருவார், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார், மேஜையில் வைத்துவிடுவார். அவருக்கு வாதாட ஒன்றும் இருக்காது, இவருக்கும் இருக்காது.

தன்னிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். அலமாரியில் இருக்கிற அத்தனை கவரையும் விற்றாலும் எஞ்சினில் பாதி வராது. பி.எஃப். பணத்தைப் போன வருஷம்தான் வீட்டுக் கூரைக்கு எடுத்துத் தீர்த்திருந்தார். திருடன் கொண்டுபோயிருந்தால் போலீசில் சொல்லலாம். கடல் கொண்டுபோயிருந்தால் விதி என்று சொல்லலாம். கோயில் கொண்டுபோயிற்று, அதுவும் எண்பத்தேழு என்று எழுதிய கவரில். யாரிடம் போய் என்ன சொல்வது?

வெளியே கொல்லையில் குழாய்ச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு புஷ்பராஜ் உள்ளே வந்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நனைந்து, சோப்பு வாசனை அடித்தது.

"ரெண்டு வட்டம் சோப்பு போட்டாச்சு அண்ணே. நகத்துக்கு எடையிலயும் தேச்சாச்சு. ஆனாலும் தொடமாட்டேன், பேடிக்காதீங்க." மேஜை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. "மேரிக்குட்டி சொல்லிவிட்டா, நாளைக்கு அவரு கொண்டுபோனா பின்ன காணக் கிடைக்காது, நல்லாப் பாத்துட்டு வாங்கன்னு. இனி எனக்க காசக் காட்டுங்க."

ஞானையன் சட்டைப் பையில் கைவிட்டுக் காசை எடுத்து, மேஜை மேல், அவனுக்கு முன்னால் வைத்தார்.

புஷ்பராஜ் அதைப் பார்த்தான். சிரித்தான்.

"இது நீங்க ஏலத்துல பிடிச்சதுல்லா அண்ணே. எனக்கத எடுங்க."

கையை அவிழ்க்காமல், அலமாரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.